ஸ்லெட்டில் ரெக்கார்டர்: எதை மாட்டுவது, கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

வெஸ்ட்டுக்காரன்

வணக்கம். ஸ்டெடிகேம் ஸ்லெட்டில் (நடந்தபடி குலுங்காமல் படமெடுக்க உடம்பில் மாட்டும் கருவியில், கேமராவும் மானிட்டரும் பேட்டரியும் இருக்கும் கம்பம்) சின்னதாக ஒரு ரெக்கார்டர் மாட்டலாம் என்று இருக்கிறேன். எனக்கு வேண்டியது அதிகமில்லை. டேக் முடிந்ததும் நானே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும்: ஹெட்ரூம் (தலைக்கு மேல் விடும் இடம்) எங்கே நழுவியது, திரும்பும் இடத்தில் பிரேம் சாய்ந்ததா, அவ்வளவுதான். வீடியோ அசிஸ்ட் (டேக்கைப் பதிவு செய்து இயக்குநருக்குக் காட்டும் மேசை) பாதி நேரம் எங்கோ தள்ளி இருக்கும். அங்கே போய் இயக்குநரின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த டேக்குக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

ஸ்லெட்டில் ஒரு எச்டி லைன் இருக்கிறது. அடியில் இரண்டு வி-மவுண்ட் பேட்டரி. 12 வோல்ட் கேமராவுக்குப் பேரலல், 24 வோல்ட் கேமராவுக்கு சீரிஸ் என்று மாற்ற ஒரு சுவிட்ச். இப்போதுள்ள மானிட்டரைக் கழற்றிவிட்டு அட்டாமோஸ் நிஞ்ஜா வி போல மானிட்டரும் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டியை வைப்பது ஒரு வழி. மானிட்டரை அப்படியே விட்டு ஒரு குட்டி ரெக்கார்டரைத் தனியாக மாட்டுவது இன்னொரு வழி. கரண்ட் ஸ்லெட்டிலிருந்தா, அதற்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரியா (என்பி-எஃப்)? உபயோகிப்பவர்கள் சொல்லுங்கள்.

இரவுக்காட்சி

ஒரே பெட்டி, தனி பேட்டரி. யோசிக்கவே வேண்டாம்.

ஸ்லெட் பேட்டரியை மாற்றும்போது எல்லாம் ஒரு நொடி செத்துப் பிழைக்கும். ரெக்கார்டரும் அதே லைனில் இருந்தால், ஓடிக்கொண்டிருந்த ஃபைல் மூடப்படாமல் நிற்கும். அதைத் திறக்க முடிந்தால் அதிர்ஷ்டம். ரெக்கார்டருக்கு முதுகில் தனி பேட்டரி இருந்தால் கேமரா அணைந்தாலும் அது பாட்டுக்கு உயிரோடு இருக்கும். கேமரா மறுபடி எழுந்து வருவதற்குள் போன டேக்கை உட்கார்ந்து பார்த்தும் விடலாம். வாடகைக்கு வேறு ஸ்லெட் வந்தாலும் கவலையில்லை, கேபிள் எதையும் புதிதாகச் செய்ய வேண்டாம்.

கீழ்த்தட்டு

இரவுக்காட்சி சார், நீங்கள் ஸ்லெட்டை மேசை மேல் வைத்துப் பேசுகிறீர்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு எடை எங்கே தொங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி.

நிஞ்ஜா வி வெறும் பெட்டி சுமார் 360 கிராம். பின்னால் ஒரு என்பி-எஃப் 970 போட்டால் இன்னும் 300 கிராம் அளவுக்கு ஏறும். மானிட்டர் கம்பியின் நுனி போஸ்ட்டிலிருந்து (ஸ்லெட்டின் நடுக்கம்பம்) 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். பேன் செய்யும்போது கையில் தெரியும் கனம் (பேன் என்றால் கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவது), தூரத்தின் வர்க்கப்படி கூடும். அந்த 300 கிராமை நுனியில் தொங்கவிடுவதற்கும் போஸ்ட்டை ஒட்டி 10 சென்டிமீட்டரில் வைப்பதற்கும் ஒன்பது மடங்கு வித்தியாசம். அதோடு நிற்காது. அதைச் சமன் செய்ய எதிர்ப்பக்கம் ஸ்லெட் பேட்டரியையும் வெளியே இழுக்க வேண்டும், அதுவும் கணக்கில் சேரும். அடியில் எடை கூடியதால் டிராப் டைம் (படுக்கையாகப் பிடித்துவிட்ட ஸ்லெட் நேராக எடுக்கும் நேரம்) வேகமாகும், கிம்பலை (ஸ்லெட் தொங்கிச் சுழலும் மூட்டு) கொஞ்சம் இறக்க வேண்டும். அப்புறம் டைனமிக் பேலன்ஸ் முதலிலிருந்து. நின்ற இடத்தில் நேராக நிற்கும் ஸ்லெட், சுழற்றிவிட்டால் தள்ளாடும். அது எத்தனை பேருக்குப் பழகிப்போனது என்பது வேறு கதை.

ஸ்லெட்டின் அடியிலேயே 98 வாட்-மணி பேட்டரி இரண்டு இருக்கின்றன. பக்கத்தில் இன்னொரு பேட்டரியைக் கட்டிச் சுமப்பது எதற்கு?

இரவுக்காட்சி

> பேன் செய்யும்போது கையில் தெரியும் கனம்

அது கெட்டது என்று யார் சொன்னது? கேமராக்கள் இளைத்துப் போன காலம் இது. லேசான கேமராவை வைத்துக்கொண்டு காற்றுக்கும் விரலுக்கும் ஆடும் ஸ்லெட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள் வேண்டுமென்றே மேலே எடைத்தட்டு போடுகிறார்கள், பேட்டரியைத் தள்ளி வைக்கிறார்கள். எனக்கு அந்த 300 கிராம் இலவசமாகக் கிடைத்த நிலைமம். இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள். நான் கழற்றி வைப்பது வெயிலில் தெரிவதற்காகச் செய்த 7 அங்குல மானிட்டர். அது ஒன்றும் பஞ்சு இல்லை.

கீழ்த்தட்டு

சரி, கனமான மானிட்டர்தான். அதை எதற்காகச் சுமக்கிறோம்? நடுப்பகலில் திரை தெரிய வேண்டும், படம் தாமதமில்லாமல் வர வேண்டும். நிஞ்ஜாவுக்கு நேரடி இன்புட் எச்டிஎம்ஐ மட்டும்தான். எஸ்டிஐ (ஸ்லெட்டின் எச்டி லைனில் வரும் வீடியோ சிக்னல்) வேண்டுமானால் பின்னால் ஒரு மாட்யூல், இல்லையென்றால் கன்வெர்ட்டர். கன்வெர்ட்டருக்கும் கரண்ட், கேபிள், எடை. எச்டிஎம்ஐ பிளக்கோ ஸ்லெட்டில் நிற்கிற ஜாதியே இல்லை. ஓட்டத்தில் ஒரு தடவை தொடையில் இடித்தால் படம் போகும்.

இயக்கத்துக்கான திரையும் திரும்பிப் பார்ப்பதற்கான பெட்டியும் வேறு வேறு வேலைகள். ரெக்கார்டர் நின்றுபோனால் எனக்குப் பிளேபேக் மட்டும்தான் போகும், ஷாட் போகாது.

குவியம்

ஃபோகஸ் புல்லர் (தள்ளி நின்று லென்ஸ் ஃபோகஸைத் திருப்புகிறவர்) பக்கத்திலிருந்து ஒரு விண்ணப்பம். ரெக்கார்டரைத் தயவுசெய்து எங்களுக்கு வயர்லெஸ்ஸில் படம் அனுப்பும் டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் சொருகாதீர்கள்.

கேமரா எஸ்டிஐ ரெக்கார்டருக்குள் போய், அதன் லூப் அவுட்டிலிருந்து (உள்ளே வந்த படத்தை வெளியே தரும் சாக்கெட்) மானிட்டருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் போகிறபடி கட்டுகிறார்கள். நிறையப் பெட்டிகளில் அந்த லூப் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். ரெக்கார்டர் அணைந்தால் எனக்குத் திரை கருப்பு. ஆபரேட்டர் பிளேபேக் பட்டனைத் தட்டினால் சில பெட்டிகளில் போன டேக்கே லூப்பில் போகும். டேக் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து ஃபோகஸைத் திருப்பிக்கொண்டிருக்கும் ஆளை நினைத்துப் பாருங்கள். சங்கிலியில் கடைசி ஆளாக ரெக்கார்டரை வையுங்கள்: மானிட்டரின் லூப் அவுட்டில், அல்லது மேல்தட்டில் ஒரு டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப் (ஒரு சிக்னலைப் பல கிளையாகப் பிரிக்கும் பெட்டி) வைத்துத் தனிக் கிளையில்.

மூன்றாவதுடேக்

நான் வேறு பக்கம். எதற்கு ரெக்கார்டர்?

டேப் காலத்தில் நியாயம் இருந்தது. ஃபிலிம் கேமராவின் வீடியோ டாப்பில் (வியூஃபைண்டர் படத்தைப் பிடிக்கும் குட்டி வீடியோ கேமரா) வந்த மங்கல் படம்தான் அன்றைக்கு உடனே பார்க்கக் கிடைத்த ஒரே சாட்சி, அதைச் சின்ன டேப் பெட்டியில் பிடித்து வைத்தார்கள். இப்போது கேமராவே பதிவு செய்கிறது, வீடியோ அசிஸ்ட் பதிவு செய்கிறது. நீங்கள் மூன்றாவதாக ஒரு பிரதியை உண்டாக்குகிறீர்கள். அந்த எஸ்டி கார்டு யாருடையது? படம் தயாரிப்பாளருடையது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளிவராத காட்சியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது சாதாரண விஷயமா? ஷோரீலுக்கு வேண்டும் என்றால் படம் வெளிவந்த பிறகு முறையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு டேக்கையும் திரும்பப் பார்க்கிறவர்களிடம் நான் பார்க்கும் இன்னொன்று: போன டேக்கின் தவறைத் திருத்துவதிலேயே அடுத்த டேக் போய்விடும், நடிகர் இந்த முறை என்ன மாற்றினார் என்பது கண்ணில் படாது.

கீழ்த்தட்டு

அனுமதி விஷயத்தில் மறுபேச்சே இல்லை. முதல் நாளே ஒளிப்பதிவாளரிடமும் தயாரிப்பு நிர்வாகியிடமும் சொல்லிவிட வேண்டும். பேக்-அப் ஆனதும் கார்டை அவர்கள் கண்முன் அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும். ஆனால் ‘எதற்கு’ என்ற கேள்விக்குப் பதில் மேலேயே இருக்கிறது. பிரேம்லைனோடு, லெவல் கோட்டோடு பதிவான என் மானிட்டர் படம் வீடியோ அசிஸ்ட்டில் கிடைக்காது. கதவு தாண்டும் அந்த ஒரு இடத்தில் ஒன்றரை டிகிரி சாய்ந்தேனா, சாய்ந்த மாதிரி தோன்றியதா? எனக்கு அது தெரிந்தால் போதும், காட்சி முழுக்கத் தேவையில்லை.

இரவுக்காட்சி

இதில் உங்களோடு நான். கரண்டுக்கு வாருங்கள். கேமரா 60 வாட், மானிட்டர் 15, லென்ஸ் மோட்டாரும் ரிசீவரும் சேர்ந்து 10, டிரான்ஸ்மிட்டர் 8. மொத்தம் 93. ஒரு 98 வாட்-மணி பேட்டரிக்குக் காகிதக் கணக்கில் 63 நிமிடம். ரெக்கார்டர் 20 வாட் சேர்ந்தால் 52. ஒவ்வொரு பேட்டரியிலும் 11 நிமிடம் காணோம். அதை ஸ்லெட்டிலிருந்து எடுக்கச் சொல்கிறீர்கள்.

கீழ்த்தட்டு

20 வாட் உங்கள் பெட்டிக்கு. புரோரெஸ் (எடிட்டிங்குக்கான பெரிய ஃபைல் வகை) எழுத வேண்டும், திரையை ஒளிர்விக்க வேண்டும், விசிறி வேறு ஓட வேண்டும் (ஒலிப்பதிவாளர் அந்த விசிறியைப் பற்றி என்ன சொல்கிறார்?). திரையில்லாத எச்.264 (நன்றாகச் சுருக்கிய ஃபைல் வகை) ரெக்கார்டர் அதில் ஒரு சின்னப் பங்குதான் குடிக்கும். திரும்பிப் பார்க்க 8 மெகாபிட் தாராளம், மணிக்கு 3.6 ஜிகாபைட். புரோரெஸ் 422 என்றால் 1080-ல் 25 பிரேமுக்கு 122 மெகாபிட், மணிக்கு 55 ஜிகாபைட். ஹெட்ரூம் பார்க்க 55 ஜிகாபைட்டா?

சால்டரிங்_மேசை

ரிக் பழுது பார்ப்பது என் வேலை. எல்லோரும் வாட் கணக்கே போடுகிறீர்கள், கிரவுண்டை (எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான மைனஸ்) யாரும் தொடவில்லை. வெஸ்ட்டுக்காரன் சீரிஸ் சுவிட்ச் என்று எழுதியதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. அதனால் நீளமாக எழுதுகிறேன்.

பேரலலில் இரண்டு பேட்டரியின் மைனஸும் ஒன்றுதான். எந்தப் பேட்டரியின் உடம்பில் இருக்கும் டி-டாப்பில் (கரண்ட் எடுக்கும் சின்ன சாக்கெட்) ரெக்கார்டரைச் செருகினாலும் ஓடும். நாள் முழுக்க ஓடும். அப்புறம் ஒரு நாள் 24 வோல்ட் கேமரா வருகிறது, சுவிட்சைத் திருப்புகிறார்கள். இப்போது ஒரு பேட்டரி கீழே, ஒன்று அதன் தலைமேல். மேல் பேட்டரியின் மைனஸ், ஸ்லெட் கிரவுண்டைவிட 14.4 வோல்ட் உயரத்தில் இருக்கிறது. ரெக்கார்டர் அந்த டி-டாப்பிலேயே இருந்தால் அதன் உடம்பும் அந்த உயரத்தில். அதிலிருந்து ஒரு பிஎன்சி கேபிள் (எஸ்டிஐ போகும் கேபிள்) மானிட்டருக்குப் போகிறது. பிஎன்சியின் வெளி உறை, மானிட்டர் வழியாகக் கேமரா கிரவுண்ட். ஆக, கீழ் பேட்டரியின் பிளஸ்ஸும் மைனஸும் அந்த மெல்லிய உறை வழியாகக் கைகுலுக்குகின்றன. நேரடி ஷார்ட். ரெக்கார்டர் அணைந்திருந்தாலும் ஷார்ட்தான். அந்த வழியில் எது பலவீனமோ அது போகும்: கேபிள், எஸ்டிஐ சிப், சில நேரம் மானிட்டர் போர்டே.

கீழ் பேட்டரியின் டி-டாப்பில் எடுத்தால் ஷார்ட் ஆகாது. ஆனால் அந்த ஒன்று மட்டும் வேகமாகக் காலியாகும், சீரிஸில் முதலில் காலியானது மற்றதையும் சேர்த்து நிறுத்திவிடும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி பேட்டரி, எது கீழ் என்று வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. முழு லைனிலிருந்து நேராக எடுக்கலாமா என்றால், சீரிஸில் முழுசாக ஏறிய இரண்டு பேட்டரி 33.6 வோல்ட். நிஞ்ஜா தாங்குவது 16.8 வரை.

ஆகவே ஸ்லெட்டிலிருந்துதான் என்றால், ஸ்லெட்டின் 12 வோல்ட் ரெகுலேட்டட் அவுட்டிலிருந்து (வோல்ட் மாறாமல் தரும் சாக்கெட்) மட்டும். 24 வோல்ட் நிலையிலும் அது 12 தருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். தரவில்லை என்றால் முழு லைனிலிருந்து இறக்கும் ஒரு கன்வெர்ட்டர், மைனஸ் ஸ்லெட் கிரவுண்டோடு பொதுவாக. அப்போது இரண்டு பேட்டரியும் சமமாகக் குறையும். பேட்டரி உடம்பில் இருக்கும் டி-டாப்பை ரெக்கார்டருக்குத் தொடவே வேண்டாம்.

இந்த ஒரு விஷயத்தில் இரவுக்காட்சி சொல்வது சரி. தனி பேட்டரியில் மிதக்கும் ரெக்கார்டருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

செருகும் வரிசையும் உண்டு: முதலில் கரண்ட், பிறகு எஸ்டிஐ. கழற்றும்போது முதலில் எஸ்டிஐ, பிறகு கரண்ட். பவர் கேபிளின் மைனஸ் சேராமல் எஸ்டிஐ சேர்ந்திருந்தால், சாதனம் இழுக்கும் கரண்ட் முழுவதும் எஸ்டிஐ உறை வழியாகத் திரும்பப் பார்க்கும். ஆரி நிறுவனமே இதற்கென்று எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது.

இரவுக்காட்சி

நன்றி. சட்டமாக்கிச் சுவரில் மாட்டப் போகிறேன் :)

கீழ்த்தட்டு

மாட்டுங்கள். ரெகுலேட்டட் அவுட் உள்ள ஸ்லெட்டில் நான் சொன்னதற்கு இன்னும் ஒரு குறையும் இல்லை என்பதையும் அடியில் எழுதிவிடுங்கள்.

மூன்றாவதுடேக்

மானிட்டர் போர்டு வெந்துபோகும் அளவுக்கு ஆபத்தான வேலையை, ஒன்றரை டிகிரி சாய்வைப் பார்ப்பதற்காக! நான் வீடியோ அசிஸ்ட் பக்கமே நடந்துகொள்கிறேன்.

வெஸ்ட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மானிட்டர் அப்படியே இருக்கட்டும். எஸ்டி கார்டில் எழுதும் சின்ன எச்.264 ரெக்கார்டர், மானிட்டரின் லூப் அவுட்டில், போஸ்ட்டை ஒட்டி. கரண்ட் 12 வோல்ட் ரெகுலேட்டட் அவுட்டிலிருந்து. ஸ்லெட் மேனுவலில் இரண்டு நிலையிலும் 12 வரும் என்று போட்டிருக்கிறது. கேமராவின் ரெக் பட்டனோடு சேர்ந்தே ரெக்கார்டர் தானாக ஓடுமா?

குவியம்

கேமராவிலிருந்து எஸ்டிஐயோடு ரெக் சிக்னலும் சேர்ந்து வந்தால், ரெக்கார்டருக்கு அந்தக் கேமராவின் சிக்னல் புரிந்தால், ஓடும். நடுவில் கன்வெர்ட்டர் இருந்தால் அது அந்தச் சிக்னலை விழுங்கிவிட வாய்ப்புண்டு. உங்கள் மானிட்டரின் லூப் அதை அப்படியே கடத்துகிறதா என்று முந்தைய நாளே பாருங்கள்.

இரவுக்காட்சி

பேட்டரி மாற்றும் முன் ஸ்டாப் அழுத்த மறந்த முதல் நாள் இங்கே வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

வெஸ்ட்டுக்காரன்

ஹாஹா. கேபிள் நானே செய்யலாமா? ஸ்லெட்டில் 2 பின் லெமோ (பூட்டிக்கொள்ளும் வட்ட கனெக்டர்), ரெக்கார்டரிலும் 2 பின் லெமோ. நேருக்கு நேர் கம்பி இழுத்தால் போதும்தானே?

சால்டரிங்_மேசை

நில்லுங்கள். 2 பின் லெமோவில் எந்தப் பின் பிளஸ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும், துருவம் தலைகீழாக இருக்கும். ஸ்லெட் சாக்கெட்டில் சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்துப் பின் பிளஸ்ஸா மைனஸா என்று மீட்டரில் அளந்து எழுதுங்கள், ரெக்கார்டர் மேனுவலில் இருக்கும் பின் படத்தையும் போடுங்கள். கூடவே கேபிளில் 3 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று வேண்டும், ஸ்லெட் பக்க முனையில்.