அக்வா ஹைபிரிட்டில் ‘ரெடி’ வரவில்லை, பி0ஏடிபி குறியீடு: பிரதான ரிலேயா, வயரிங்கா, ஈசியூவா?

கேள்வி: வாகன மின்னியல், யாழ்ப்பாணம்

வணக்கம். வாடிக்கையாளர் ஒருவரின் 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா என்னிடம் வேலைக்கு நிற்கிறது. பிரேக்கை மிதித்துப் பவர் பொத்தானை அழுத்தினால் பல வேளைகளில் ‘ரெடி’ விளக்கு வழமைபோல வருகிறது. சில வேளைகளில் எச்சரிக்கை விளக்குகள் எரிவதோடு சரி, வாகனம் நகர்வதில்லை. அப்போது பின்னாலிருந்து கேட்க வேண்டிய ரிலேகளின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளின்) ‘டக், டக்’ ஒலி முழுமையாகக் கேட்பதில்லை. ஸ்கானரில் பி0ஏடிபி, அதாவது உயர் அழுத்தப் பற்றரியின் நேர்முனைப் பிரதான ரிலேயின் கட்டுப்பாட்டுச் சுற்றில் தாழ்நிலை என்ற குறியீடு மட்டுமே இருக்கிறது.

12 வோல்ற் துணைப் பற்றரி நல்ல நிலையில் உள்ளது. உயர் அழுத்தப் பற்றரியின் தொகுதிகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ரிலேக்களின் ஏர்த் இணைப்பை மீற்றரின் ஒலிச் சோதனையால் பார்த்தேன், ஒலி வந்தது. இதற்கு முன்னர் வாகனத்தைப் பார்த்தவர்கள் முழுப் பற்றரியையும் மாற்ற வேண்டும் என்று கூறியிருப்பதால் உரிமையாளர் மிகவும் கலங்கிப்போயிருக்கிறார்.

பற்றரி விசிறியைத் துப்புரவாக்கப் பின்னிருக்கையைக் கழற்றிப் பூட்டிய பிறகே இது தொடங்கியது என்றும், குடும்பத்துடன் புறப்படும் வேளைகளில்தான் கூடுதலாக வருகிறது என்றும், ஒரு தடவை ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை அற்றுப்போனது என்றும் அவர் சொல்கிறார். பற்றரியைத் திறப்பதற்கு முன் எந்த ஒழுங்கில் சோதிப்பது சரியாக இருக்கும்?

பதில் 1: ஹைபிரிட் பழுதுபார்ப்பு, கண்டி

வணக்கம். பற்றரியை மாற்றும் பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். இந்தக் குறியீடு பற்றரியின் மின்கலங்களைப் பற்றியும் பேசவில்லை, ரிலேக்குள் சேர்ந்தும் பிரிந்தும் மின்சாரத்தைக் கடத்தும் உயர் அழுத்தத் தொடுமுனைகளைப் பற்றியும் பேசவில்லை. ரிலேயின் சுருளை இயக்குகின்ற 12 வோல்ற் சுற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. தொடுமுனை ஒட்டிக்கொண்டிருந்தால் பி0ஏஏ1, பி0ஏஏ4 போன்ற வேறு குறியீடுகள் வர வேண்டும். இந்தப் பிரிவினையை மனத்தில் இருத்தாமல் தொடங்குவதால்தான், ஒரு வயரில் இருக்கும் கோளாற்றுக்குப் பல இலட்சம் ரூபாய்ப் பொருள் மாற்றப்படுகிறது.

அக்வாவும் சேர்ந்த டொயோட்டா பிரியஸ் குடும்பத்து வாகனங்களில் ஈசியூ (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) சுருளின் ஒரு முனைக்கு 12 வோல்ற்றை வழங்குகிறது. மறுமுனை பொடியில் (வாகனத்தின் உலோக உடலில்) ஏர்த் செய்யப்பட்டிருக்கும். ஈசியூ அழுத்தத்தை வழங்கியும் தன் வெளியீட்டு முனையில் அது தென்படாவிட்டால் ‘தாழ்நிலை’ என்று பதிவு செய்யும். ஆகவே அந்த வயர் எங்கேயோ பொடியில் முட்டுகிறதா என்பதே என் முதல் ஐயம். எனினும் குறியீட்டின் பெயரை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். டொயோட்டா ஸ்கானரில் குறியீட்டுடன் வரும் மூவிலக்கத் தகவல் எண்ணையும், கோளாறு பதிவான கணத்தின் தரவுகளையும் அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியிலேயே மிகப் பெறுமதியான தடயம் இருக்கிறது. அக்வாவின் உயர் அழுத்தப் பற்றரி பின்னிருக்கையின் கீழே இருக்கிறது. அதே இருக்கையைக் கழற்றிய பிறகு தொடங்கி, அதே இருக்கையில் ஆட்கள் ஏறும்போது தோன்றும் கோளாறு என்றால், பற்றரிக்குச் செல்லும் குறைந்த அழுத்த வயர்க்கட்டு இருக்கைச் சட்டத்துக்கோ தாங்கிக்கோ இடையில் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் வேறெதையும் தொடக்கூடாது.

சோதனை முறை இதுதான். வாகனத்தை நிறுத்தி, சாவியைத் தொலைவில் வைத்து, துணைப் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். 1000 வோல்ற்றுக்குரிய காப்புக் கையுறையை, காற்றடைத்துச் சுருட்டித் துளை இல்லை என்று உறுதிசெய்த பின்னரே அணிந்து, உயர் அழுத்தப் பற்றரியில் உள்ள துண்டிப்புச் செருகியான சேர்விஸ் பிளக்கைக் கழற்றி உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 10 நிமிடம் காத்திருங்கள். பற்றரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் இன்வேர்ட்டரின் கொள்ளளவிகள் (கெபாசிட்டர்கள்) வடிந்துவிட்டன என்பதை மீற்றரால் உறுதிப்படுத்துங்கள். மீற்றர் சரியாக வேலை செய்கிறதா என்பதை அந்த அளவீட்டுக்கு முன்னும் பின்னும் தெரிந்த ஒரு மின்மூலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்விஸ் பிளக்கைக் கழற்றினாலும் பற்றரிப் பெட்டிக்குள் மின்கலங்களின் அழுத்தம் அப்படியேதான் இருக்கும். அந்தப் பிளக் தொடரை இடையில் துண்டிக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு பின்னிருக்கையை மீண்டும் அதன் இடத்தில் பூட்டுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. இருக்கையை எடுத்துவிட்டுச் சோதித்தால் கோளாற்றின் காரணமும் அதோடு போய்விடும். ஈசியூ பக்க இணைப்பியைக் கழற்றி, நேர்முனை ரிலேக்குரிய வயருக்கும் பொடிக்கும் இடையே ஓம் அளவை எடுங்கள். சுருள், வயர், ஏர்த் ஆகிய மூன்றும் ஒரே அளவீட்டில் அடங்கிவிடும். இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் பிரதான ரிலேச் சுருள்களுக்கு 20 முதல் 50 ஓம் வரை என்று தரப்பட்டுள்ளது. உங்கள் வாகனத்துக்குரிய எண்ணை அதன் சொந்தக் கையேட்டில் பாருங்கள். அக்வாவை அவுஸ்திரேலியாவில் பிரியஸ்-சி என்று விற்றார்கள். அங்கும் வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் அந்த நாட்டு ஆங்கிலக் கையேடு நமக்குப் பெரிதும் பயன்படும்.

அளவு சரியாக இருந்தால் மீற்றரை எடுக்காமல், ஒருவரைப் பின்னிருக்கையில் இடம் மாறி மாறி அமரச் சொல்லுங்கள். அளவு பூச்சியத்தை நோக்கிச் சரிந்தால் வயர் பொடியில் முட்டுகிறது. மாறாக முடிவிலிக்குத் தாவினால் எங்கேயோ அறுந்து சேர்கிறது.

மீற்றரின் ஒலிச் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல மீற்றர்கள் சில பத்து ஓம் தடை இருந்தாலும் ஒலி எழுப்பும். 30 ஓம் சுருளுடன் தொடராக 15 ஓம் அரிப்பு ஏர்த்தில் இருந்தால், 12 வோல்ற்றில் 4 வோல்ற் அங்கேயே போய், சுருளுக்கு 8 வோல்ற் மட்டுமே கிடைக்கும். ஒலி அப்போதும் வரக்கூடும். எனவே ஏர்த் சோதனையைச் சுமையுடன் செய்ய வேண்டும். 12 வோல்ற், 5 வாட் பல்பு ஏறத்தாழ 0.4 அம்பியர் இழுப்பதால் அந்தச் சுருளின் சுமைக்கு நெருக்கமானது. ஆனால் பல்பை ஈசியூவின் வெளியீட்டில் நேரடியாக மாட்ட வேண்டாம். குளிர்ந்த இழை தொடக்கத்தில் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இரு முனை இணைப்பிகளையும் கழற்றிவிட்டு, தனியான 12 வோல்ற் மூலத்தால் வயரையும் ஏர்த்தையும் சோதியுங்கள்.

பதில் 2: ஆட்டோமொபைல் பயிற்றுநர், கோயம்புத்தூர்

மேலே கண்டி நண்பர் கூறிய வரிசையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் கேள்வியில் உள்ள ஒரு வரி என்னை உறுத்துகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை போனதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கணத்தில் சுருளுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தால், ரிலே தன் தொடுமுனைகளைப் பெரும் மின்னோட்டம் பாயும் நிலையிலேயே திறந்திருக்கும். நேர்மின்னோட்டத்தில், மாறுமின்னோட்டத்தைப் போல ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் சுழியைக் கடக்கும் கணம் கிடையாது. ஆகவே தொடுமுனைகளுக்கிடையே எழும் வில்பொறி எளிதில் அணையாது. தொடுமுனையின் மேற்பரப்பை உருக்கிவிடும். அடுத்த முறை மூடும்போது அந்த உருகிய மேடுகள் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. வயரைச் சரிசெய்த பின் குறியீடு போய்விட்டது என்று வண்டியைக் கொடுத்துவிடாமல், தொடுமுனைகளையும் சோதிப்பது உங்கள் கடமை.

இயல்பான தொடக்கத்தில் முன்மின்னேற்ற ரிலே ஒரு தடையின் வழியாக இன்வெர்ட்டரின் கெபாசிட்டர்களை முதலில் நிரப்புகிறது. அதன் பிறகே நேரடிப் பாதை மூடப்படுகிறது. 201.6 வோல்ட் பிரியஸில் தடை ஏறத்தாழ 20 ஓம் என்பதால் தொடக்க மின்னோட்டம் 10 ஆம்பியர் அளவில் அடங்கிவிடும். தடை இல்லாவிட்டால் வெற்றுக் கெபாசிட்டர் அந்தக் கணத்தில் கிட்டத்தட்ட ஷார்ட் போலவே நடந்துகொள்ளும். பிரதான ரிலே ஒட்டிக்கொள்வதற்கு இதுவும் முக்கியக் காரணம். அதனால் ஒட்டிய ரிலேயை மட்டும் மாற்றி, முன்மின்னேற்றத் தடையை அளந்து பார்க்காமல் விட்டால் புதிய ரிலேவும் அதே வழியில் போகும்.

வண்டியை அணைக்கும்போது ஈசியூ ரிலேக்களை ஒரே நேரத்தில் விடுவிப்பதில்லை. மூன்றாம் தலைமுறை பிரியஸில் எதிர்முனை ரிலேயை முதலில் விடுவித்து, அது உண்மையிலேயே திறந்ததா என்று பார்க்கும். பிறகு நேர்முனை ரிலேயை விடுவிக்கும். அதன்பின் முன்மின்னேற்ற ரிலேயை ஒரு கணம் மூடி, இன்வெர்ட்டர் பக்கம் மின்னழுத்தம் எழுகிறதா என்று பார்த்து நேர்முனை ஒட்டியிருக்கிறதா என அறியும். ஒட்டிய ரிலேயைச் சுட்டும் குறியீடு வந்த வண்டியில், அதை அழித்துவிட்டு மீண்டும் மீண்டும் ‘ரெடி’ போட்டுப் பார்ப்பது ஆபத்தான பழக்கம்.

சோதனைக்கு: சர்வீஸ் பிளக் வெளியே இருக்க வேண்டும். சுருளுக்கு மின்சாரம் இல்லாதபோது தொடுமுனைகளுக்கிடையே 10 கிலோ ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். சுருளுக்குத் தனியாக 12 வோல்ட் கொடுத்தால் 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும். சர்வீஸ் பிளக் உள்ளே இருக்கும்போது எக்காரணம் கொண்டும் வெளியிலிருந்து சுருளுக்கு 12 வோல்ட் கொடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் முன்மின்னேற்றத்தைத் தாண்டி, பேட்டரியை நேரடியாக இன்வெர்ட்டருடன் நீங்களே இணைத்தவர்களாவீர்கள்.

கேள்வி கேட்டவர், யாழ்ப்பாணம்

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சொன்ன ஒழுங்கிலேயே செய்தேன். ஈசியூ பக்கத்தில் 31 ஓம் நிலையாக இருந்தது. உதவியாளர் இருக்கையின் இடப்பக்க ஓரத்தில் அமர்ந்ததும் 1 ஓமுக்குக் கீழே விழுந்தது. எழுந்ததும் பழைய அளவுக்கு வந்தது. இருக்கையை எடுத்துப் பார்த்தபோது வயர்க்கட்டு தன் பிடியிலிருந்து விலகி, இருக்கைத் தாங்கியின் கீழ்விளிம்பில் அழுந்தியிருந்தது. ஒரு வயரின் காப்புறை வெட்டுப்பட்டு, செம்பு தெரிகிறது. தொடுமுனைகளையும் முன்மின்னேற்றத் தடையையும் சோதித்தேன். யாவும் வரம்புக்குள் உள்ளன. இந்த வயரை அந்த இடத்திலேயே இணைத்தால் போதுமா? பொடியில் முட்டியதால் ஈசியூவின் வெளியீடு பழுதாகியிருக்கக்கூடுமா?

பதில் 3: ஹைபிரிட் பழுதுபார்ப்பு, கண்டி

மிக நேர்த்தியாகச் செய்திருக்கிறீர்கள். உரிமையாளரின் பணம் தப்பியதில் எனக்கும் நிறைவு.

இது 12 வோல்ற் வயர் என்பதால் இணைத்துப் பழுதுபார்க்கலாம். செம்மஞ்சள் நிற உயர் அழுத்தக் கேபிள் என்றால் இணைப்பே கூடாது. முழுக் கேபிளையும் மாற்ற வேண்டும். வெட்டுப்பட்ட பகுதியை நறுக்கிவிட்டு, அதே தடிப்புள்ள வயரால், உட்பசையுள்ள வெப்பச் சுருங்கு குழாயுடன் இணையுங்கள். வெறும் இன்சுலேஷன் ரேப்பைச் சுற்றி விட வேண்டாம். இருக்கையின் கீழ் ஈரமும் தூசியும் சேரும், உங்கள் பக்கத்து உப்புக் காற்றும் அதற்குத் துணைபோகும். அருகிலுள்ள மற்ற வயர்களையும் விரித்துப் பாருங்கள். நசுங்கிய கட்டில் ஒரு வயர் மட்டும் காயப்படுவது அரிது. கட்டைப் பழைய பிடியிலேயே பொருத்தி, நெளிகுழாய் இட்டுத் தாங்கியிலிருந்து விலக்கி வையுங்கள்.

ஈசியூவைப் பொறுத்தவரை, வாகனம் இன்னும் பல வேளைகளில் ‘ரெடி’ ஆவதால் வெளியீடு உயிருடன் இருக்கிறது என்றே கொள்ளலாம். உறுதிசெய்ய, எல்லாவற்றையும் பூட்டிய பின் ஈசியூ இணைப்பியின் பின்புறமாக மீற்றரின் ஊசியைச் செலுத்தி, ‘ரெடி’ நிலையில் அந்த முனையின் அழுத்தத்தையும் துணைப் பற்றரியின் அழுத்தத்தையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு மிகச் சிறியதாக இருந்தால் ஈசியூவைத் தொட வேண்டியதில்லை. குறியீட்டை அழித்து, பின்னிருக்கை நிறைய ஆட்களை ஏற்றி, மேடு பள்ளமான வீதியில் ஓட்டிப் பார்த்த பிறகு வாகனத்தை ஒப்படையுங்கள்.