நியூ ஜெர்சியில் பேஸ்பால் அட்டைக் கடை: பரண்மேல் இருக்கும் 23 பழைய அட்டைகளை எடுத்துக்கொண்டு போகலாமா?

செண்பகனூர்க்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம் நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கப் போகிறேன். அவள் குடியிருக்கும் தெருமுனையில், முடிதிருத்தும் நிலையத்துக்கும் சலவைக் கடைக்கும் நடுவே, பேஸ்பால் அட்டைகளை மட்டும் விற்கும் சின்னக் கடை ஒன்று இருப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பரண்மேல் கிடக்கும் பிஸ்கட் டப்பாவின் ஞாபகமாகவே இருக்கிறது.

என் அப்பா கொடைக்கானலில் ஓர் அமெரிக்கப் பாதிரியார் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய பள்ளியில்தான் (இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி) அந்த வீட்டுப் பையனும் படித்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவனுடைய தாத்தா ஊரிலிருந்து தபாலில் சூயிங்கம் பொட்டலங்கள் அனுப்புவார். அவற்றுக்குள் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள் இருக்கும். 1972இல் அவர்கள் ஊர் திரும்பியபோது 23 அட்டைகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். தீப்பெட்டிப் படம் சேர்த்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய சொத்து. அந்த ஆட்டத்தின் விதிகள் மட்டும் எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

ஆட்டமே தெரியாத வயதானவன் இப்படிப்பட்ட கடைக்குள் நுழைந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? அட்டைகளை எடுத்துச் செல்வது நல்லதா, வீட்டிலேயே விட்டுப் போவது நல்லதா? சில அட்டைகள் வளைந்திருக்கின்றன, இரண்டில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. துடைத்துச் சுத்தம் செய்து எடுத்துப் போகட்டுமா?

குன்னூர் தேயிலைத்தோட்டம்

ஐயா, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: எதையும் துடைக்காதீர்கள். ஈரத் துணி பட்டால் மேல் பூச்சு மங்கிவிடும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பேரனுக்காக இதுபோன்ற ஒரு கடையில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் விலை கூடிய அட்டைகள் இருக்கும். மேசைமேல் நீளமான காகிதப் பெட்டிகளில் மலிவான அட்டைகள் நூற்றுக்கணக்கில் நெட்டுக்குத்தாக அடுக்கியிருக்கும். அந்தப் பெட்டிகளை யார் வேண்டுமானாலும் புரட்டலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். நான் நம் ஊர் வழக்கப்படி கட்டை விரலை நாக்கில் தொட்டு அட்டைகளைப் புரட்டத் தொடங்கினேன். கடைக்காரர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஒரு காகிதக் கைக்குட்டையை என் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பேரனுக்கு மூன்று நாள் சிரிப்பு அடங்கவில்லை. ஆகவே உலர்ந்த விரலால் அட்டையின் ஓரங்களை மட்டும் பிடியுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை அவர் எடுத்துக் கொடுத்த பிறகு வாங்கிப் பாருங்கள்.

சனிக்கிழமை போக வேண்டாம். அன்று பிள்ளைகள் கூட்டம் இருக்கும்; உங்களோடு பேச அவருக்கு நேரம் இராது. இன்னொன்று, ஒட்டியிருக்கும் விலை நம் ஊர் எம்.ஆர்.பி. போன்றதல்ல. நியூ ஜெர்சியில் 6.625 சதவீத விற்பனை வரியை அதன்மேல் சேர்த்துத்தான் பில் போடுவார்கள்.

கோத்தகிரி சேகரிப்பாளன்

ஐயா, அட்டைகள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. முன்பக்கத்தில் ஆண்டு இருக்காது. பின்பக்கத்தில் ஆட்டக்காரரின் கணக்குகள் ஆண்டுவாரியாக இருக்கும். கடைசி வரியில் இருக்கும் ஆண்டோடு ஒன்றைக் கூட்டினால், பெரும்பாலும் அதுவே அட்டை வெளிவந்த ஆண்டு. அட்டையின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சூயிங்கம் அட்டைகளை வெளியிட்ட டாப்ஸ் நிறுவனம் 1973 வரை ஓர் ஆண்டின் அட்டைகளைக் கோடை முழுவதும் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. ஆட்டப் பருவம் முடியும்போது பிள்ளைகளின் ஆர்வம் குறைந்துவிடும் என்பதால் கடைசித் தொகுதிகள் பல ஆண்டுகளில் குறைவாகவே புழக்கத்துக்கு வந்தன. ஆகவே பெரிய எண் கொண்டவை அரிதாக இருக்க வாய்ப்புண்டு. 1952ஆம் ஆண்டின் கடைசித் தொகுதியில் விற்காமல் தேங்கியவற்றை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள். அந்தத் தொகுதியைச் சேர்ந்த, மிக்கி மேன்டில் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரின் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பரணில் ஏறாதவர்கள் குறைவு. உங்கள் அட்டைகளில் பெரும்பாலானவை ஓரிரு டாலர் பெறுமானம் உடையவையாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு போங்கள்.

செண்பகனூர்க்காரர்

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 15 அட்டைகளில் கடைசி வரி 1967; அவற்றின் ஓரம் சாக்குத் துணி நெய்ததுபோல் பழுப்பாக இருக்கிறது. மீதி எட்டில் 1970. அவற்றுக்குக் கறுப்பு ஓரம், ஆனால் விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்திருக்கிறது. பழுப்பு ஓர அட்டைகளில் 150ஆம் எண்ணில் 'பாப் கிளெமென்டே' என்று ஒருவர் இருக்கிறார். அதன் பின்பக்கத்தில் மட்டும் கைவிரல் அகலத்துக்கு எண்ணெய் பட்டதுபோன்ற கறை.

நாயுடுபுரம் அச்சகத்தார்

முப்பது ஆண்டுகள் அச்சகமும் கூடவே லேமினேஷன் கடையும் நடத்திப் பிழைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள். ரேஷன் அட்டைக்குச் செய்வதை இதற்கும் செய்தால் அதன்பின் அதை எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார்.

கறுப்பு ஓரத்தில் வெள்ளை தெரிவது உங்கள் குற்றமல்ல. கறுப்பு மை விளிம்பு வரை ஓடும் அட்டையை வெட்டினால் கத்தி பட்ட இடத்தில் மை சிறிது உதிர்ந்தாலும் உள்ளிருக்கும் வெள்ளைத் தாள் பளிச்சென்று தெரியும். 1971ஆம் ஆண்டு அட்டைகள் இதற்குப் பெயர் போனவை. சிலர் அங்கே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தீட்டிவிடுவார்கள். அது மோசடிக் கணக்கில் சேரும். படம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் பெரிய தாளில் பல அட்டைகளை ஒன்றாக அச்சிட்டு வெட்டும்போது தாள் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்வதாக நினைத்து ஓரத்தை நறுக்கக் கூடாது. 1957 முதல் டாப்ஸ் அட்டையின் அளவு அகலம் இரண்டரை அங்குலம், உயரம் மூன்றரை அங்குலம். ஒரு நூல் குறைந்தாலும் அளந்து கண்டுபிடித்துவிடுவார்கள்.

பூஞ்சைக்கு வருவோம். நம் மலையில் ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் அலமாரிக்குள் பல்பு எரியவிட்டுத் துணிகளைக் காப்பாற்றுகிறோம். அட்டைக்கு அது ஆகாது. ஒரு பக்கம் மட்டும் காய்ந்து இன்னும் வளையும். பூஞ்சை பிடித்த இரண்டையும் உடனே தனியே பிரித்துவிடுங்கள். மற்றவற்றை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். ரப்பர் வளையம் போட வேண்டாம். அது ஓரத்தை வெட்டுவதோடு உருகி ஒட்டியும்விடும்.

கோத்தகிரி சேகரிப்பாளன்

ஐயா, 150ஆம் எண்ணை மற்றவற்றோடு கலக்காதீர்கள். அவர் ராபர்ட்டோ கிளெமென்டே. புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக ஆடியவர். அட்டை அச்சிட்டவர்கள் அமெரிக்க வாய்க்கு எளிதாக 'பாப்' ஆக்கிவிட்டார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள்கள் கொண்டுபோன விமானம் கடலில் விழுந்து இறந்தார். சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் புகழ் மன்றத்தில் சேர்க்க, ஆட்டத்தை விட்டு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி அடுத்த ஆண்டே சேர்த்தார்கள். அந்த எண்ணெய்க் கறை, பொட்டலத்தில் அட்டையோடு ஒட்டிக் கிடந்த சூயிங்கத்தின் கறையாக இருக்கலாம். விலை குறையும்தான்; எனக்கென்னவோ அது இல்லாத அட்டையைவிட அது இருக்கும் அட்டையே பிடிக்கும்.

விற்பதானால், கடைக்காரர் தான் விற்கும் விலையில் பாதிக்குச் சற்று முன்பின்னாகத்தான் கேட்பார். கடை வாடகையும் அவர் பிழைப்பும் அதில் அடங்கும். ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். இபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் உண்மையில் விற்றுமுடிந்த விலைகளைத் தனியே காட்டும் வசதி உண்டு. மகளிடம் சொல்லி முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், கேட்பதற்குக் காசா பணமா.

நேரம் இருந்தால் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். ஜெஃபர்சன் பர்டிக் என்ற தனி மனிதர் சேர்த்துக் கொடுத்த 30,000க்கும் மேற்பட்ட பேஸ்பால் அட்டைகள் அங்கே இருக்கின்றன. அவற்றைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைக்கிறார்கள்.

செண்பகனூர்க்காரர்

அலமாரியில் பல்பை அணைத்துவிட்டேன். மருந்துக் கடையில் கேட்டதற்கு ஒரு கை நிறைய சிலிக்கா பொட்டலங்களைச் சும்மாவே கொடுத்தார்கள். ஆறு அட்டைகளை மட்டும் கைப்பையில் வைத்து எடுத்துப் போகிறேன். ஐந்து, விலை கேட்க; கிளெமென்டே, காட்ட மட்டும். கடை காலை பதினொரு மணிக்குத் திறக்கிறதாம். மகள் வேலைக்குப் போகும் ஒரு புதன்கிழமையாகப் பார்த்து, நான் மட்டும் நடந்து போய் வருகிறேன்.