மெட்ஃபார்மின் அலர்ட் பழைய விதியிலேயே நிற்கிறது, உதவி தேவை

மதுரை பக்கம் 40 படுக்கை மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவு பார்க்கிறேன். எங்கள் மருந்துச்சீட்டு மென்பொருள், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஆணுக்கு 1.5, பெண்ணுக்கு 1.4 தொட்டாலே மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை) கூடாது என்று சிவப்பு அலர்ட் போட்டுத் திரையை மறிக்கிறது. அது பழைய விதி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-லேயே இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) கணக்குக்கு மாறிவிட்டது: 30-க்குக் கீழே கொடுக்கக் கூடாது, 30 முதல் 45 வரை புதிதாகத் தொடங்க வேண்டாம். நேற்று வந்த 52 வயது ஆணுக்கு கிரியாட்டினின் 1.5, சிகேடி-இபிஐ 2021 சூத்திரப்படி இஜிஎஃப்ஆர் 56, அவருக்கும் அதே சிவப்பு. ஜூனியர் டாக்டர்கள் பயந்துபோய் நன்றாக வேலை செய்யும் மருந்தை நிறுத்துகிறார்கள், சீனியர்களோ எந்த அலர்ட்டையும் படிக்காமலே தள்ளிவிடுகிறார்கள், இதுதான் எனக்குப் பெரிய கவலை.

மூன்று மாதமாகப் போராடுகிறேன். விதிப் பக்கத்தில் வரம்பை மாற்றிச் சேமித்தேன், சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் பழையதே திரும்பிவிட்டது. அப்புறம் லேப் அனுப்பும் இஜிஎஃப்ஆரை விதியோடு இணைத்தேன், மதிப்பு காலியாக வருகிறது. லேப் தரவு எச்எல்7 (மருத்துவ மென்பொருள்கள் தரவு பரிமாறும் தரநிலை) வழியாக வருகிறது, சர்வர் விண்டோஸ் 2016. மென்பொருள் நிறுவனத்துக்கு 4 மெயில் போட்டாச்சு, அடுத்த பதிப்பில் சரியாகும் என்கிறார்கள். அலர்ட்டை மொத்தமாக அணைக்க மனமில்லை, 30-க்குக் கீழே உள்ளவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.

எச்எல்7-இல் வரும் இஜிஎஃப்ஆர் மதிப்பை அலர்ட் விதி படிக்கும்படி செய்தவர்கள் யாராவது இருந்தால், எந்த இடத்தில் இணைத்தீர்கள்?