சொந்தத்தில் கட்டவில்லை, ஆனாலும் ஒரே கங்காணி ஆள்கள்

சுங்கை சிப்புட் தோட்டத்துக்காரன்:
அண்ணன் மகளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை வேறு தோட்டம். சொந்தம் கிடையாது, குலதெய்வமும் வேறு. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நேரத்தில்தான் தெரிந்தது, இரண்டு பேருமே பீட்டா தலசீமியா கேரியர். அது பரம்பரை இரத்த நோய். கேரியர் என்றால் நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர். பெண்ணுக்குப் படிவம் 4 படிக்கும்போதே பள்ளியில் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கடிதம் சாமி அறை லாச்சியில், சூடப் பொட்டலத்துக்கு அடியில் கிடந்தது.

அன்றைக்கு ராத்திரி பெரியப்பா வாய் திறந்தார். இரண்டு வீட்டுப் பாட்டன்மாரும் துறையூர்ப் பக்கம் ஒரே ஊராம், மலாயாத் தோட்டத்துக்குக் கூட்டி வந்ததும் ஒரே கங்காணியாம், அதாவது ஆள் சேர்த்து வேலை வாங்கும் தலைவர். கங்காணி முறையே அப்படித்தானே. ஊருக்குப் போய் தன் சொந்தம், தன் சாதி, தன் தெரு என்று பார்த்துத்தான் ஆள் சேர்ப்பார். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை இதே கதைதான். பிறகு பேரப்பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் பெண் எடுத்தால், "அந்நியம்" என்று நாம் சொல்வது எவ்வளவு அந்நியம்?

கல்யாணம் நடந்துவிட்டது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடுமையான நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு என்று டாக்டர் விளக்கினார். தெரிந்தேதான் கட்டிக்கொண்டார்கள்.

லேப் தம்பி, ஈப்போ:
அண்ணே, ஒரு சின்ன மறுப்பு. தலசீமியாவைக் கங்காணி தலையில் கட்ட முடியாது. கேரியராக இருப்பவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. அதனால்தான் மலேரியா இருந்த நாடுகளில் அது பரவி நின்றது. இங்கே மலாய்க்காரர், சீனர் எல்லாரிடமும் இருக்கிறது.

நிறுவனர் விளைவு வேறு சமாச்சாரம். சில பேர் மட்டும் ஓரிடத்தில் குடியேறி, தங்களுக்குள்ளேயே பெருகும்போது, அதில் ஒருவர் கொண்டுவந்த அரிய குறை பிள்ளை, பேரன் வழியே பலரிடம் போய்விடும். தென்னாப்பிரிக்க வெள்ளையரிடம் வேரிகேட் போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் அதிகம். அதன் தடம் 1688-இல் கேப் பகுதியில் மணம் முடித்த ஒரு டச்சுத் தம்பதியிடம் போய் நிற்கிறது.

நம் ஆள்களுக்கு அந்த முடிச்சு கப்பல் ஏறும் முன்பே விழுந்துவிட்டது. மரபணு விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் தெற்காசியக் குழுக்கள் 263-ஐப் பார்த்தார்கள். அதில் 81 குழுக்களில் இந்த விளைவு, அதற்குப் பேர்போன ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கனாசி யூதர்களையும் விடக் கடுமை. சாதிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கட்டியதன் பலன். கங்காணி செய்தது அந்தச் சின்ன வட்டத்திலிருந்தும் ஒரு துண்டை வெட்டி எடுத்து வந்ததுதான்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நர்ஸ்):
தம்பி சொல்வதை நான் ஆப்பரேஷன் தியேட்டரில் பார்த்திருக்கிறேன். சின்ன ஆப்பரேஷன்தான், முடிந்துவிட்டது. ஆனால் தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் ஊசி போட்ட அந்தப் பெரியவருக்கு மூச்சு திரும்பவில்லை. சில நிமிடத்தில் தெளிய வேண்டிய மருந்து. மணிக்கணக்கில் மெஷினில் வைத்திருந்தோம். ஆர்ய வைசியர் குடும்பம். அந்த மருந்தை உடைக்கும் என்சைம் அவர்களில் பலருக்குக் குறைவு என்று மயக்க மருந்து டாக்டர் பிறகுதான் சொன்னார். மெஷின் இருந்ததால் பிழைத்தார், வீட்டுக்கும் நடந்தே போனார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படித் தெளியத் தாமதமானால், அடுத்த முறை யார் கத்தி வைத்தாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். கூடப்பிறந்தவர்களும் சொல்ல வேண்டும்.

சுங்கை சிப்புட் தோட்டத்துக்காரன்:
சரி தம்பி, கங்காணியை விட்டுவிடுகிறேன். ஆனால் மலேசியாவின் 1976 திருமணச் சட்டத்தில் அக்காள் மகளைக் கட்ட இந்துக்களுக்கு விலக்கு இருக்கிறதே, அதைக் காட்டித்தான் எங்கள் அத்தை அடுத்த சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார். மிஸ்ஸி அக்கா, நீங்கள் ஒரு நாள் வீட்டுக்கு வந்து அவரிடம் பேச முடியுமா? நான் சொன்னால் கேட்க மாட்டார்.