ஒயின் பாட்டிலில் ஓவியம், சும்மா அலங்காரமா?

பெரம்பூர்வாசி: எங்கள் தெரு ஆன்ட்டி வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்கோடு ஒயினும் வைத்திருந்தார், பாட்டிலில் பேத்தி வரைந்த லேபிள். பெரிய ஒயின் குடும்பங்களும் இப்படிச் செய்வார்களா?

ராயபுரத்தான்: ஏன் இல்லை? பிரான்சில் ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷீல்ட் குடும்பம் 1945இலிருந்து அநேகமாக வருடா வருடம் ஓர் ஓவியரின் படத்தை லேபிளில் போடுகிறது. 1958க்கு டாலி. 1973க்கு பிக்காசோ, அவர் இறந்த வருடம் அது, படம் அவர்கள் சேகரிப்பிலேயே இருந்ததாம். வரைகிறவர்களுக்குக் கூலி பணமில்லை, ஒயின்தான்!

கொடுங்கையூர்க்காரி: கலை லேபிளில் மட்டுமா? கம்பம் பன்னீர் திராட்சையை நசுக்கி சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு, நுரை எப்போது அடங்குகிறது என்று பாட்டி ஜாடியில் காது வைத்துக் கேட்பார். மூடியை இறுக்கினால் வாயு போக வழியில்லாமல் வெடிக்கும், அப்புறம் சுவரெல்லாம் ஓவியம்தான்.

பெரம்பூர்வாசி: சரி, ஆன்ட்டியிடம் காலி பாட்டிலையாவது கேட்டு வாங்கிவிடுகிறேன்.