அவசரம்: வாக்யூ ஸ்டேக் ஒன்று பாழ், இன்னொன்று மிச்சம்

புதுவயல்_பையன் (வெள்ளி இரவு 9.40)
எல்லோருக்கும் வணக்கம். மச்சான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாக்யூ ஸ்டேக் (ஜப்பான் இன மாட்டுக்கறித் துண்டு) இரண்டு பாக்கெட் கொண்டு வந்தார். விலையை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று மத்தியானம் ஒன்றைப் போட்டேன். வீடியோவில் காட்டிய மாதிரியேதான் செய்தேன், ஆனால் வீடு முழுக்கப் புகை, மேலே கரி, வெட்டிப் பார்த்தால் நடுவில் சில்லென்று பச்சையாக இருக்கிறது. சட்டியில் எண்ணெய் குளம் மாதிரி நிற்கிறது, நான் அவ்வளவு ஊற்றவே இல்லை. திரும்பவும் போட்டு வேகவைத்ததில் பாதியாகச் சுருங்கி ரப்பராகிவிட்டது. நாளை ராத்திரி மச்சான் கிளம்புகிறார். அதற்குள் இரண்டாவதை ஒழுங்காகச் செய்து காட்டியாக வேண்டும். எங்கே தப்பு? சீக்கிரம் சொல்லுங்கள். அப்புறம் சட்டியைச் சாய்த்தபோது அந்தக் கொழுப்பு ஆத்தங்குடிக் கல் தரையில் கொட்டிவிட்டது, அதற்கும் ஏதாவது வழி தெரிந்தால் நல்லது.

இரும்புச்சட்டி (9.52)
துண்டு எவ்வளவு கனம்? என்ன சட்டி? ஃப்ரீசரிலிருந்து எடுத்து எவ்வளவு நேரம் வைத்தீர்கள்? என்ன எண்ணெய்? இது எதையும் சொல்லாமல் "வீடியோ மாதிரியே" என்றால் எந்த வீடியோ என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது.

மிளகுத்தட்டி (9.58)
ரப்பர் ஆகிறது என்றால் ஒரே காரணம்தான், ஊறப்போடவில்லை. பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்துத் தடவி இரண்டு மணி நேரம் வையுங்கள். எங்கள் வீட்டில் கிழ மாட்டுக் கறிகூட இதில் பஞ்சாகிவிடும். கூடவே இஞ்சி பூண்டு, மிளகு, கொஞ்சம் கல்பாசி. சும்மா உப்பு மட்டும் போட்டுத் தின்பது கறிக்கே அவமானம்.

சிராங்கூன்_ரோடு (10.04)
ஐயோ தம்பி, பப்பாளிக்காய் பக்கமே போகாதீர்கள். அது நம் ஊர் முற்றல் கறிக்கு. வாக்யூவில் தடவினால் மேற்பரப்பு கூழாகிவிடும். பாக்கெட் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது? ஜப்பானா ஆஸ்திரேலியாவா? ஏ5 மாதிரி ஏதாவது இருக்கிறதா? இரண்டும் ஒரே மாதிரி சமைக்கிற சாமான் இல்லை.

அடுப்படி_வாத்தியார் (10.11)
இதே கேள்விக்கு நானே எத்தனையோ தடவை பதில் சொல்லியிருக்கிறேன். தேடிப் படிக்கிற பழக்கமே போய்விட்டது. முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், மாட்டிறைச்சியை எந்த வடிவிலும் இந்தியாவுக்குள் கொண்டு வரக் கூடாது என்று இறக்குமதிக் கொள்கையிலேயே இருக்கிறது. சுங்கத்தில் பார்த்திருந்தால் மொத்தமும் குப்பைக்குத்தான். இரண்டாவது, ஸ்டேக்கின் அடிப்படை: பெரிய தீயில் இரண்டு பக்கமும் வாயை அடைத்துவிட வேண்டும், சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும். அதைச் செய்யத் தெரியாதவர்கள் கோழி வாங்கிக்கொள்ளலாம்.

இரும்புச்சட்டி (10.15)
வாத்தியாரே, சுங்க விஷயம் சரி. ஆனால் அந்தச் சாறு பூட்டுகிற கதை 19ஆம் நூற்றாண்டில் லீபிக் என்கிற ஜெர்மன் வேதியியலாளர் கிளப்பிவிட்டது, எப்போதோ பொய்யென்று ஆகிவிட்டது. வறுத்த கறியை எடை போட்டுப் பாருங்கள். கறி கல்லில் விழுந்ததும் "சுர்ர்" என்று கேட்கிறதே, அந்தச் சத்தமே சாறு வெளியே வந்து ஆவியாகிற சத்தம்தான். பூட்டிக்கொண்டிருந்தால் சத்தம் எங்கிருந்து வரும்? மேலே சிவக்க வைப்பது ருசிக்காக.

அடுப்படி_வாத்தியார் (10.19)
நான் சமைக்கத் தொடங்கியபோது நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

புதுவயல்_பையன் (10.31)
லேபிளில் ஜப்பான், ஏ5, பி.எம்.எஸ் 10 என்று இருக்கிறது. கனம் ஒரு விரல். சட்டி நான்-ஸ்டிக். செக்கு நல்லெண்ணெய் மூன்று கரண்டி. ஐஸ் இறங்க ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டேன்.

இரும்புச்சட்டி (10.33)
பாக்கெட்டோடா, பிரித்தா?

புதுவயல்_பையன் (10.40)
பிரித்துத்தான். பாக்கெட்டோடு போட்டால் எப்படி இறங்கும்?

சிராங்கூன்_ரோடு (10.58)
தம்பி, நிதானமாகப் படியுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஏ5 என்பதில் ஏ என்பது ஒரு மாட்டில் எவ்வளவு கறி தேறும் என்பதற்கான எழுத்து, 5 என்பது தரம். அந்த 5 கிடைக்க பி.எம்.எஸ் என்கிற கொழுப்புக் கோடுகளின் அளவு 12க்குக் குறைந்தது 8 வர வேண்டும், உங்களுடையது 10. அப்படியென்றால் துண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே கொழுப்பாகவே இருக்கலாம். சட்டியில் நின்ற குளம் நீங்கள் ஊற்றிய எண்ணெய் மட்டுமில்லை, கறியே உருகி ஓடியது. இந்தக் கொழுப்பு கையில் வைத்துக்கொண்டிருந்தாலே பளபளவென்று இளக ஆரம்பித்துவிடும். திரும்பப் போட்டு வேகவைத்தீர்கள் பாருங்கள், அப்போது இருந்ததெல்லாம் போய்விட்டது. சுருங்காமல் என்ன செய்யும்.

நம் சந்தையில் வாங்குகிற கறியோடு இதை ஒப்பிடவே முடியாது. நம் ஊரில் 1958ஆம் வருடச் சட்டப்படி, பத்து வயது தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாத மாடு என்று சான்று வாங்கித்தான் அறுக்க வேண்டும். ஏர் இழுத்த காலில் கொழுப்பு எங்கே இருக்கும்? அதனால்தான் குக்கரில் ஏழெட்டு விசில் விடுகிறோம். அங்கே சுமார் இரண்டரை வயதில், தீனி போட்டுக் கொழுக்க வைத்து அறுக்கிறார்கள். அதற்கு விசில் தேவையில்லை, நேரம்தான் எதிரி.

மிளகுத்தட்டி (11.05)
எல்லாம் சரி அண்ணே, மசாலா இல்லாமல் எப்படி? காரைக்குடிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வெறும் உப்பில் கறி தின்றால் ஊர் சிரிக்காதா? அன்னாசிப்பூ, கல்பாசி, மராட்டி மொக்கு வறுத்துப் பொடித்து மேலே தூவட்டும். செட்டிநாடு ஸ்டேக்!

நகரச்_சிவன்கோவில் (11.12)
மன்னிக்கவும், அந்தப் பெயரை மட்டும் இதில் ஒட்ட வேண்டாம். நகரத்தார் அடுப்படிக்குள் மாட்டுக்கறி வந்ததே கிடையாது. அவரவர் சாப்பாடு அவரவருக்கு, ஆட்சேபம் இல்லை. ஆனால் சென்னையில் கண்ட ஓட்டலும் சிவப்புச் சாயத்தைக் கலந்துவிட்டுச் செட்டிநாடு என்று போர்டு மாட்டுவதே போதும்.

மிளகுத்தட்டி (11.16)
செட்டிநாடு ஊரின் பெயரா, ஒரு சாதியின் பெயரா? இங்கே ராவுத்தர் இல்லையா, கிறிஸ்தவர் இல்லையா, கள்ளர் வீட்டுக் கிடாக்கறி இல்லையா? நாங்களும் அதே செக்காலை ரோட்டில்தான் மிளகு வாங்குகிறோம்.

பர்மாப்_பேரன் (11.21)
அன்னாசிப்பூ நம் வயலில் விளைந்ததா என்ன? தென் சீனா, வியட்நாம் பக்கத்துச் சரக்கு. சைகோனில் வட்டிக்கடை போட்டவர்கள் வம்சம்தானே நாமெல்லாம். கப்பலில் வந்ததை நமது என்கிறோம், விமானத்தில் வந்தது மட்டும் ஆகாதா?

நகரச்_சிவன்கோவில் (11.24)
நான் சொன்னது மசாலாவைப் பற்றி இல்லை. திரும்பப் படியுங்கள்.

வளவு_வீடு (11.30)
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் இதெல்லாம் சாப்பிடுவதில்லை, ஆனால் கல்லைப் பற்றி அந்தத் தம்பி கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் சாயச் சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. எண்ணெயை உறிஞ்சும். உடனே மேலே முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கனமாகக் கொட்டி ராத்திரி முழுக்க விடுங்கள், காலையில் கூட்டி எடுத்துவிட்டுச் சீயக்காய் தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும்.

கோட்டையூர்_காத்தான் (11.34)
எலுமிச்சம்பழம் தேயுங்கள், பட்டென்று போய்விடும்.

வளவு_வீடு (11.36)
எலுமிச்சையும் வேண்டாம், வினிகரும் வேண்டாம், குளியலறை ஆசிட் வேண்டவே வேண்டாம்! சிமெண்டுக் கல்லைப் புளிப்பு அரித்துவிடும், பளபளப்பு போனால் திரும்பி வராது. எங்கள் ஆயா தினமும் துடைக்கிற தண்ணீரில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவார்கள். கறைமேல் இல்லை, காய்ந்த பிறகு மொத்தத் தரைக்கும்.

புதுவயல்_பையன் (11.48)
பவுடர் கொட்டிவிட்டேன் அக்கா. இன்னொரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். அத்தாவும் சாப்பிடுவார். உள்ளே சிவப்பாகத் தெரிந்தால் ரத்தம் என்று தட்டையே தள்ளிவிடுவார். இன்று அதுதான் நடந்தது.

இரும்புச்சட்டி (சனி காலை 6.20)
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். அது ரத்தம் இல்லை, ரத்தம் அறுக்கும்போதே வடிந்துவிடுகிறது. தசைக்குள் இருக்கிற மயோகுளோபின் என்கிற புரதம் தண்ணீரோடு சேர்ந்து சிவப்பாகத் தெரிகிறது. ஆனால் விளக்கம் சொன்னதும் அத்தா சாப்பிட்டுவிடுவார் என்று நினைக்காதீர்கள், என் மாமனாரிடம் நான் சொல்லிப் பார்த்தாயிற்று.

உங்கள் தப்பு எனக்குத் தெரிந்தவரை: நடுவில் ஐஸ், மேலே ஈரம். தண்ணீர் இருக்கிறவரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, கறி சிவந்து மணக்க 140க்கு மேல் போக வேண்டும். நீங்கள் முதலில் கறியை அவித்திருக்கிறீர்கள், ஈரம் வற்றியதும் கருக்கியிருக்கிறீர்கள். செக்கு எண்ணெய் அந்தச் சூட்டைத் தாங்காது, புகை அதனுடையது. நான்-ஸ்டிக் சட்டியை 260 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் பூச்சே கெடும், அதில் இந்த வேலை வேண்டாம். வீட்டில் பழைய இரும்புத் தோசைக்கல் இல்லாமலா இருக்கும்?

சிராங்கூன்_ரோடு (6.45)
பாக்கெட்டை இப்போதே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, பிரிக்காமல் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்துவிடுங்கள். சாயங்காலத்துக்குள் இளகவில்லை என்றால் பாக்கெட்டோடு குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள், பாக்கெட்டோடு! மச்சான் கொண்டு வந்தபோது கல்லு மாதிரி உறைந்திருந்ததா, இளகியிருந்ததா? இளகி வெதுவெதுவென்று வந்து திரும்ப உறைந்ததென்றால் சாப்பிடவே வேண்டாம், விலையைப் பார்க்காதீர்கள்.

அத்தாவுக்கு வழி இருக்கிறது. முழுத் துண்டாகப் போடாதீர்கள். ஜப்பானிலேயே ஏ5ஐ ஒரு ஆள் ஒரு பெரிய துண்டாகத் தின்பது குறைவு, இரும்புத் தகட்டில் சின்னச் சின்னத் துண்டாக வாட்டித்தான் சாப்பிடுகிறார்கள். துண்டு சில்லென்று கெட்டியாக இருக்கும்போதே சுண்டுவிரல் அகலத்துக்கு நீளவாக்கில் அரிந்துவிடுங்கள், இளகினால் கத்திக்கு நிற்காது. ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள், துணி நனையாதவரை. உப்பு போடுகிற நேரம் கல்லில் வைக்கப் போகும் அந்த நிமிடம்தான். முன்கூட்டிப் போட்டால் தண்ணீர் விடும், அது திரும்ப உள்ளே இழுக்க முக்கால் மணி நேரமாவது ஆகும், நடுவில் வைத்தால் திரும்பவும் ஈரம்.

தோசைக்கல்லை நடுத்தீயில் ஐந்தாறு நிமிடம் காயவிடுங்கள். எண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம், ஓரத்துக் கொழுப்பில் ஒரு துண்டை வெட்டி இடுக்கியால் பிடித்து, தோசைக்கு வெங்காயம் தேய்க்கிற மாதிரி கல் முழுக்கத் தேயுங்கள். நாலு துண்டுக்கு மேல் ஒரே ஈடாகப் போடாதீர்கள், கல் ஆறிவிடும். பக்கத்துக்கு அரை நிமிடம், நிற்கிற கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டு அடுத்த ஈடு. அத்தாவுக்கு மட்டும் இன்னும் அரை நிமிடம் கூட வையுங்கள், உள்ளே சிவப்பு போயிருக்கும், ஆனாலும் கொழுப்பு இருப்பதால் மெத்தென்றுதான் இருக்கும். ஒல்லிக் கறியில் இந்தச் சலுகை கிடையாது. ஆளுக்கு நூறு கிராம் தாராளம், அதற்கு மேல் திகட்டும்.

மிளகுத்தட்டி (7.02)
மிளகாவது?

சிராங்கூன்_ரோடு (7.05)
இறக்கிய பிறகு உரலில் ஒன்றிரண்டாகத் தட்டித் தூவுங்கள். கல்லில் போட்டால் கருகிக் கசக்கும். கல்பாசி உங்கள் பாடு.

அடுப்படி_வாத்தியார் (7.30)
வறுத்ததும் பத்து நிமிடம் ஆறவைக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லையே. இதைத்தான் அரைகுறை என்பது.

இரும்புச்சட்டி (7.38)
ஐயா, அது இரண்டு அங்குலத் துண்டுக்கு. சுண்டுவிரல் துண்டைப் பத்து நிமிடம் ஆறவைத்தால் கொழுப்பு மெழுகு மாதிரி உறைந்து வாயில் ஒட்டும். சூட்டோடு சாப்பிட வேண்டும்.

கோட்டையூர்_காத்தான் (9.10)
வெளியில் முற்றத்தில் அடுப்பை வைத்துச் செய்தால் புகைத் தொல்லை இல்லை. தரையிலும் கொட்டாது.

வளவு_வீடு (9.14)
முற்றத்தில் கருங்கல் போட்டிருந்தால் சரி. தம்பி, கறை என்ன ஆயிற்று?

சிராங்கூன்_ரோடு (மதியம் 2.20)
ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த் தட்டில் வைத்தாயிற்றா? உறைந்துதான் வந்ததா? பதிலே இல்லையே.

மிளகுத்தட்டி (இரவு 10.15)
ஆளைக் காணோம். மச்சான் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டாரோ.

புதுவயல்_பையன் (திங்கள் காலை 8.05)
கரண்ட் போய், ஆள் வந்து, நேரமே இல்லை, மன்னிக்கவும். உறைந்துதான் வந்தது. தோசைக்கல்தான், துண்டு போட்டுத்தான் செய்தேன். நன்றாக வந்தது. முதல் ஈடு மட்டும் கொஞ்சம் கருகியது. அத்தா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மூன்று துண்டு எடுத்துக்கொண்டார். வடித்த கொழுப்பில் மறுநாள் அம்மா சின்ன வெங்காயமும் முட்டையும் வதக்கினார்கள், அதைத்தான் வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள். கல்லில் கறை பாதி போயிருக்கிறது. வேலைக்குக் கிளம்புகிறேன்.

மிளகுத்தட்டி (8.20)
கல்பாசி போட்டீர்களா இல்லையா?

வளவு_வீடு (8.41)
பாதி போயிருக்கிறதென்றால் இன்னும் இரண்டு நாள் பவுடர் போடுங்கள் தம்பி. எலுமிச்சை தேய்க்கவில்லையே?