தாய்க்கு வெண்புள்ளி இருந்தால் மகளுக்கும் வருமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தாய்

எனக்கு 47 வயது. விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. என் அம்மாவுக்கும் முழங்காலில் இருந்தது. போன மாதம் காங்கயத்திலிருந்து மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி டம்ளரை நீட்டிய என் விரல்களையே மாப்பிள்ளையின் அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துத் தரகர், "ஜாதகம் சேரவில்லையாம்" என்றார். ஜாதகம் பார்த்த பிறகுதான் அவர்கள் வீட்டுக்கே வந்தார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நேற்று எண்ணெய் வைத்துவிடும்போது மகளின் நெற்றியில், பொட்டு ஒட்டும் இடத்தில், அரிசியளவு வெளுத்திருப்பதைக் கண்டேன். கைகால் ஓடவில்லை. என்னிடமிருந்துதான் அவளுக்குப் போனதா? மரபணுப் பரிசோதனை செய்தால் உறுதியாகத் தெரியுமா? எவ்வளவு செலவானாலும் பார்த்துவிடலாம் என்கிறான் என் தம்பி.

பதில்: தோல் மருத்துவர், ஈரோடு

அக்கா, முதலில் அந்த ஸ்டிக்கர் பொட்டை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். சில பொட்டுகளின் பசையில் பீனால் வகை வேதிப்பொருள் இருக்கிறது. அது நிறமி செல்களை நேராகவே கொல்லும். பொட்டின் வட்டத்துக்குள் மட்டும் வெளுப்பு இருந்தால் என் முதல் சந்தேகம் பசையின் மேல்தான். ஆனாலும் நேரில் காட்டுங்கள். உடலில் இந்த நோய்க்கான நாட்டம் உள்ளவர்களுக்குப் பசையே தொடக்கமாகவும் அமையலாம்.

மரபணுவைப் பொறுத்தவரை, இது ஒற்றை மரபணுவால் இறங்கும் நோய் அல்ல. நம் மரபணுத் தொகுதியில் இதனுடன் தொடர்புடைய இடங்கள் ஏறத்தாழ 50 கண்டறியப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியின் மரபணுவும் அவற்றில் ஒன்று. அந்த நொதியின் துண்டுகளை அந்நியப் பொருளென்று எண்ணி வெள்ளையணுக்கள் நம் நிறமி செல்களையே தாக்குகின்றன. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இருந்தால் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 6, 7தான். பரிசோதனை எதையும் உறுதியாகச் சொல்லாது. தம்பியின் பணம் வீணாக வேண்டாம்.

பதில்: பொள்ளாச்சி, தென்னை விவசாயி

அம்மிணி, நானும் என் அண்ணனும் ஒரே கருவில் உண்டான இரட்டையர். பால்காரருக்கு இன்றும் எங்கள் குரல் பிரித்துத் தெரியாது. எனக்கு 19 வயதில் வெண்புள்ளி தொடங்கியது. இப்போது இரு கைகளும் முழுக்க வெளுத்துவிட்டன. அண்ணனுக்கு இந்த 58 வயதிலும் ஒரு புள்ளிகூட இல்லை. இப்படிப்பட்ட இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு 23தான் என்று என் மருத்துவர் சொன்னார். எல்லாம் ரத்தம்தான் என்றால் அண்ணனும் வெளுத்திருக்க வேண்டுமே. எங்கள் ஊரில் சிலர் இதைக் குஷ்டம் என்று சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வரும். குஷ்டம் கிருமியால் வருவது. இதில் கிருமியே இல்லை. தொட்டாலும் ஒட்டாது.

கேள்வி கேட்டவர்

அண்ணா, உங்கள் பதிலை மகளிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். டாக்டரம்மா, அவள் மூன்று ஆண்டுகளாக ஒரே வகைப் பொட்டைத்தான் ஒட்டுகிறாள். வெளுப்பும் அந்த வட்டத்துக்குள்தான். அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். இன்னொன்று, என் தங்கைக்குத் தைராய்டு இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: தோல் மருத்துவர், ஈரோடு

உண்டு, அக்கா. தன் உடலையே தாக்கும் தைராய்டு நோய்க்கும் வெண்புள்ளிக்கும் சில மரபணுக்கள் பொதுவானவை. நீங்கள் ஒருமுறை தைராய்டு சரியாக இயங்குகிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மகளை அழைத்து வரும்போது அந்த அட்டையையும் கொண்டுவாருங்கள்.